உலா வருவோரும் காண்போரும்: ஸ்டீவன்சன், ஜாக் லண்டன் ஆகியோரின் தென்கடல் பயண நூல்களில் வருகையும் இசைவும்

ஆய்வுச் சுருக்கம்

உல்லாசப் பாய்க்கப்பலில் தீவு தீவாகச் சென்று, ஊர்களைக் கண்டு, பவளப்பார்களின் நீரடி வண்ணங்களை வியந்து எழுதும் நூல்கள் ஆங்கிலப் பயண இலக்கியத்தில் தனியொரு வகையாக நிலைபெற்றுள்ளன. அவ்வகையின் இரு முதன்மை நூல்களான ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சனின் ‘தென்கடல்களில்’ (1896), ஜாக் லண்டனின் ‘ஸ்னார்க்கின் கடலுலா’ (1911) ஆகியவற்றை இக்கட்டுரை ஒப்பிட்டு ஆராய்கிறது. இந்நூல்களைச் சாகச எழுத்து எனப் போற்றுவதும் காலனியப் பார்வை எனத் தள்ளுவதும் தீவு மக்களைக் காட்சிப்பொருளாகவே நிறுத்திவிடுகின்றன. வந்தவன் யாரிடம் இசைவு கேட்டான், யாரால் பார்க்கப்பட்டான், எதை அறிய ஊராரை நம்பியிருந்தான் என்னும் வினாக்களே இவ்வகை நூல்களை மதிப்பிடத் தகுந்த அளவுகோல் என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச் சொற்கள்: பயண இலக்கியம், பசிபிக் தீவுகள், ஸ்டீவன்சன், ஜாக் லண்டன், உலா, இசைவு, பவளப்பார், ஃபிஜி.

முன்னுரை

நீராவிக் கப்பல்கள் பெருங்கடல்களைக் குறித்த நாளில் கடக்கத் தொடங்கிய பின்னர், பாய்மரப் பயணம் தேவை என்னும் நிலையிலிருந்து விருப்பம் என்னும் நிலைக்கு மாறியது. செல்வம் படைத்தோர் தமக்கென ஒரு கலத்தை அமைத்துக்கொண்டு, வணிகமோ சமயப் பரப்பலோ ஆட்சிப் பணியோ இன்றி, காண்பதற்காகவே கடலில் செல்லலாயினர். ஆனி பிராசி சீமாட்டி ‘சன்பீம்’ என்னும் கலத்தில் குடும்பத்தோடு உலகைச் சுற்றி வந்து எழுதிய நூல் 1878இல் வெளிவந்து பெருவரவேற்பைப் பெற்றது. ஸ்டீவன்சனும் லண்டனும் இம்மரபில் வந்தவர்களே. ஆயினும் இருவரும் எழுத்தைத் தொழிலாகக் கொண்டவர்கள். பயணச் செலவை எழுத்தால் ஈட்ட வேண்டிய நிலையில் இருந்தவர்கள். ஆகவே இவர்களுக்குத் தீவு என்பது காணும் இடமாகவும் எழுதி விற்க வேண்டிய பொருளாகவும் ஒருங்கே அமைந்தது.

இத்தகைய நூல்களை அணுகும்போது இரண்டு வாசிப்புகள் எளிதில் கைக்கு வருகின்றன. ஒன்று, புயல், பவளப்பாறை, அறியாத கரை என விரியும் சாகசச் சுவையை எடுத்துரைப்பது. மற்றொன்று, எட்வர்டு சயித், மேரி லூயி பிராட் ஆகியோரின் கருத்தாக்கங்களைத் துணைக்கொண்டு, எழுதியவரின் பார்வையில் உள்ள ஆதிக்கத்தை வெளிக்கொணர்வது. இரண்டாவது வாசிப்பு தேவையானது. இந்நூல்களில் அதற்குச் சான்றுகளும் நிறைய உண்டு. எனினும் அவ்வாசிப்பு எழுதியவரை மட்டுமே வினவி, எழுதியவர் மீது முடிவுரைத்து நின்றுவிடுகிறது. ஊரார் என்ன செய்தனர் என்பது அங்கும் கேட்கப்படுவதில்லை. பனுவலுக்குள்ளேயே ஊரார் செய்த செயல்கள் பதிவாகியிருக்கும்போது அவற்றைக் கடந்து செல்வது முறையாகாது.

உலா என்னும் கருத்தாக்கம்

தமிழ்ச் சிற்றிலக்கிய வகையான உலா இவ்விடத்தில் பயனுள்ள ஓர் ஒப்பீட்டைத் தருகிறது. ஒட்டக்கூத்தரின் மூவருலா முதலிய நூல்களில் வீதியில் வருபவன் காணப்படுபவன். பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக ஏழு பருவ மகளிர் காண்பவர்கள். வருபவனின் கண்கள் வழியாக ஊர் காட்டப்படுவதில்லை. ஊரின் கண்கள் வழியாக வருபவன் காட்டப்படுகிறான். அக்கண்களும் தலைவனைப் போற்றுவதற்காகவே புலவரால் படைக்கப்பட்டவை என்பது உண்மை. ஆனாலும் இயங்குபவன் எல்லாம் காண்பவன் அல்லன் என்னும் எளிய உண்மையை அவ்வகை நமக்கு நினைவூட்டுகிறது.

உல்லாசக் கப்பல் நூல் இந்த உறவைத் தலைகீழாக்குகிறது. அங்கு உலா வருபவரே காண்பவர். நிலையாக இருக்கும் ஊர் காணப்படுவது. தொலைவில் மலைமுகடு தெரிதல், நங்கூரம் இடுதல், கரையேறுதல், நீரின் அடியை நோக்குதல் ஆகிய நான்கு கட்டங்களிலும் கண் கலத்தில் இருப்போருடையதாகவே இருக்கும் என்பது இவ்வகையின் எழுதப்படாத விதி. இவ்விதி எங்கெல்லாம் முறிகிறதோ அங்கெல்லாம் நூல் உயிர் பெறுகிறது. அம்முறிவுகளைத் தேடுவதே கீழ்வரும் ஆய்வின் நோக்கமாகும்.

அனாஹோ: கலம் காட்சிப்பொருளாதல்

நுரையீரல் நோயால் நெடுநாள் துன்புற்ற ஸ்டீவன்சன், ‘காஸ்கோ’ என்னும் உல்லாசக் கலத்தை வாடகைக்கு அமர்த்தி, 1888 ஜூன் 28 அன்று சான் பிரான்சிஸ்கோவிலிருந்து புறப்பட்டார். மனைவி ஃபேனி, தாய், மனைவியின் முதல் மணத்து மகன் லாயிடு ஆஸ்போர்ன் ஆகியோர் உடன் சென்றனர். ஒரு திங்கள் கழித்து மார்கேசஸ் தீவுக்கூட்டத்தின் நூக்கு ஹிவா தீவில், அனாஹோ விரிகுடாவில் நங்கூரம் இட்டனர். முதல் தீவு விடியற்காலை ஒளியில் தோன்றும் பகுதி பெரிதும் பாராட்டப்பட்டது. அப்பகுதி அழகியதுதான், ஆனால் இவ்வகையின் விதிக்கு முற்றிலும் உட்பட்டது. காண்போர் கலத்தில் இருக்கின்றனர். தீவு தன்னைக் காட்டிக்கொண்டு வருகிறது.

அதன்பின் நிகழ்வதே கருதத்தக்கது. ஓடங்களில் வந்த ஊரார் பழங்களையும் கைவினைப் பொருள்களையும் விலைபேசுகின்றனர். விருந்தினர் வாங்க மறுக்கின்றனர். அப்போது ஊராருள் நகையாடும் இயல்புடைய ஒருவர், இவ்வளவு அழகிய கப்பலில் காசு மட்டும் இல்லையா என எள்ளிச் சிரிக்கிறார். வந்தவர்களின் செல்வத்தையும் கஞ்சத்தனத்தையும் ஒரே தொடரில் அளந்துவிடும் எள்ளல் அது. ஸ்டீவன்சன் அதனை மறைக்காமல் பதிவு செய்கிறார். தம் அறையில் எழுதிக்கொண்டிருக்கும்போது தரையெங்கும் அமர்ந்த மக்கள் பேசாமல் தம்மையே நோக்கிக்கொண்டிருந்ததையும், அக்கண்களின் நடுவே செயலற்று அமர்ந்திருந்த தம் மனநிலையையும் அவர் எழுதுகிறார். அதே பகுதியில், மொழி புரியாத அம்மக்களை விலங்கினத்தோடும் வேற்றுக்கோள் வாசிகளோடும் ஒப்பிடுகிறார். இந்த ஒப்புமை கண்டிக்கத்தக்கது. ஆனால் அது எந்நிலையில் எழுகிறது என்பதையும் நோக்க வேண்டும். பார்ப்பவனாக வந்தவன் பார்க்கப்படுபவனாக மாறிய கணத்தின் அச்சத்திலிருந்தே அது எழுகிறது.

பின்னர்க் ‘காஸ்கோ’ ஊராருக்கு ஒரு பொருட்காட்சி ஆகிவிடுகிறது. கண்ணாடிகளையும் வெல்வெட்டு மெத்தைகளையும் தொட்டுப் பார்த்து மகிழ்கின்றனர். படத்தொகுப்பைப் புரட்டிக் கேள்விகள் கேட்கின்றனர். ஊரைக் காண வந்தவர்களைக் காண ஊர் வருகிறது. தமிழ் உலாவின் காண்போர் வியந்து மயங்குவர். அனாஹோவின் காண்போர் வியக்கவும் செய்கின்றனர், மதிப்பிடவும் செய்கின்றனர். இந்த மதிப்பீடே ஸ்டீவன்சனின் எழுத்துப்போக்கை மாற்றுகிறது. அதன்பின் அவர் வியப்பை நாடுவதைக் குறைத்து, உரையாடலுக்கான வழியைத் தேடுகிறார். ஸ்காட்லாந்து மலைநாட்டுக் குலங்களின் கதைகளைத் தாம் சொல்லி, அவற்றுக்கு ஈடாகத் தீவின் கதைகளைப் பெறுகிறார். ஆங்கில ஆட்சியால் குல அமைப்பும் உடையும் ஒடுக்கப்பட்ட தம் முன்னோரின் வரலாற்றை, 1842இல் பிரான்சின் ஆட்சிக்குட்பட்ட மார்கேசஸ் மக்களின் நிலையோடு இணைத்துக் காண்கிறார். இந்த ஒப்பீட்டுக்கு வரம்பு உண்டு. ஸ்காட்லாந்தியரும் பேரரசின் பயனைத் துய்த்தவர்களே. எனினும் கதைக்குக் கதை என்னும் பண்டமாற்றில் இரு தரப்பும் சொல்வோராகவும் கேட்போராகவும் அமைகின்றன என்பது மறுக்க இயலாதது.

நோயுற்ற உடலும் நோயுற்ற ஊரும்

ஸ்டீவன்சன் தீவுகளுக்கு வந்தது உடல்நலம் தேடி. அவர் கண்ட மார்கேசஸ் பள்ளத்தாக்குகளோ வெளியிலிருந்து வந்த நோய்களால் வெறுமையடைந்து கொண்டிருந்தன. ஏறத்தாழ 400 பேர் கொண்டிருந்ததாகச் சொல்லப்பட்ட ஹபா இனக்குழு, பெரியம்மையால் நான்கில் ஒரு பங்கை இழந்து, பின்னர்ப் பரவிய காசநோயால் ஓராண்டுக்குள் இருவராகக் குறைந்த செய்தியை அவர் பதிவு செய்கிறார். காசநோயாளியாகக் கருதப்பட்ட ஒருவர் இதனை எழுதுகிறார் என்பதை வாசகர் மறத்தல் இயலாது. தீவின் காற்று அவருக்கு நலம் தந்தது. அவரைப் போன்றோரின் வருகை தீவுக்கு நோயைத் தந்தது. இந்த முரணை அவர் தம்மீது ஏற்றி வெளிப்படையாக ஆராயவில்லை. நூலின் பெரிய மௌனம் இதுவே எனலாம்.

ஆயினும் மக்கள்தொகைக் குறைவுக்கு அவர் தரும் விளக்கம் அக்காலத்தின் பொதுக்கருத்திலிருந்து விலகி நிற்கிறது. ‘நலிந்த இனம் அழிவது இயற்கை’ என்னும் வாதத்தை அவர் ஏற்கவில்லை. மாற்றங்கள் நல்லவையாயினும் தீயவையாயினும், அவை மிகுதியாகத் திணிக்கப்பட்ட இடங்களில் மக்கள் அழிகின்றனர், குறைவாக நிகழ்ந்த இடங்களில் பிழைக்கின்றனர் என்று பல தீவுகளை ஒப்பிட்டு உரைக்கிறார். ஆடலும் பாடலும் தடைசெய்யப்பட்டதால் உண்டாகும் மனச்சோர்வையும் ஒரு காரணமாக எண்ணுகிறார்.

இதே தீவுக்கு 1907 டிசம்பரில் வந்த லண்டன், ஹெர்மன் மெல்வில் 1846இல் வெளியிட்ட ‘டைபீ’ நூலின் வழியாகத் தாம் சிறுவயதில் கனவு கண்ட பள்ளத்தாக்கைத் தேடிச் செல்கிறார். அங்கு நோயுற்ற சிலரையே காண்கிறார். அவர் எழுத்தில் துயரம் உண்டு. ஆனால் துயரத்தின் பொருள் வேறு. தாம் படித்த நூலின் உலகம் இல்லாமற்போனதே அவரை வாட்டுகிறது. காரணம் கூறும்போது, நுண்ணுயிர்களோடு போராடித் தேர்ந்தவர்களின் வழித்தோன்றல்கள் வெள்ளையர் என்னும் இயற்கைத் தேர்வு விளக்கத்தை முன்வைக்கிறார். நோய்த்தடுப்பாற்றல் பற்றிய அளவில் அதில் உண்மை இருக்கலாம். எனினும் கப்பல்களும் ஆட்சியும் நிலப்பறிப்பும் அவ்விளக்கத்தில் மறைந்து, அழிவு யாரும் பொறுப்பேற்க வேண்டாத இயற்கை நிகழ்வாகிவிடுகிறது. ஒரே பள்ளத்தாக்குப் பகுதியைக் கண்ட இரு நூல்களின் தரவேறுபாடு இங்குத் தெளிவாகப் புலனாகிறது.

அபெமாமா: இசைவு என்னும் வாயில்

‘காஸ்கோ’ பயணம் ஹவாயில் முடிந்தபின், 1889இல் ‘ஈக்குவேட்டர்’ என்னும் வணிகக் கலத்தில் கில்பர்ட் தீவுகளுக்கு ஸ்டீவன்சன் சென்றார். இத்தீவுகள் இன்று கிரிபாஸ் நாட்டின் பகுதியாகும். அங்கு அபெமாமாவை ஆண்ட தெம்பினோக், அயலார் தம் தீவில் தங்குவதை எளிதில் ஏற்காதவர். கரையில் தங்க விரும்பிய ஸ்டீவன்சனை அவர் உடனே ஏற்கவில்லை. முகத்தை நெடுநேரம் ஆராய்ந்து, சிந்தித்த பின்னரே இசைவளித்தார். இசைவும் நிபந்தனைகளோடு வந்தது. குடிகளுக்கு மது தரலாகாது, பணம் தரலாகாது, மன்னர் விரும்பியபோது வந்து உண்ணலாம். விருந்தினருக்கான குடில்கள் மன்னர் ஆணையால் கொண்டுவந்து நிறுத்தப்பட்டன. அவற்றைச் சுற்றி விலக்கு எல்லை வகுக்கப்பட்டது.

பயண இலக்கியத்தில் அரிதாகக் காணப்படும் நிலை இது. வந்தவனே இங்கு ஆய்வுக்குரிய பொருள். அவனது முகம் படிக்கப்படுகிறது. எல்லை அவனுக்கு வகுக்கப்படுகிறது. அனாஹோவில் ஊரார் கலத்தின்மீது ஏறியபோது விருந்தினருக்கு ஏற்பட்ட தவிப்பு இங்கு முறைப்படுத்தப்பட்ட அரசியலாகிறது. அபெமாமா பகுதி நூலின் வலிமைமிக்க பகுதியாக அமைவதற்கு இதுவே காரணம். தெம்பினோக் என்னும் மனிதரின் முழு உருவம், அவருடைய வணிக அறிவு, பொருள் சேர்க்கும் வேட்கை, கவிதை நாட்டம், கொடுமை ஆகிய அனைத்தோடும் நமக்குக் கிடைக்கிறது.

ஒன்றை இங்குச் சுட்டுதல் வேண்டும். மன்னரின் இசைவு மக்களின் இசைவு ஆகாது. தெம்பினோக்கின் ஆட்சி துப்பாக்கியையும் அச்சத்தையும் சார்ந்தது. குடிகளோடு விருந்தினர் தொடர்பும் அவரால் கட்டுப்படுத்தப்பட்டது. ஆகவே இசைவு கேட்கப்பட்டதா என்பதோடு, யாரிடம் கேட்கப்பட்டது என்பதும் அளவுகோலின் பகுதியாக வேண்டும்.

தென்கடல் நூலைப் பற்றி ஃபேனி ஸ்டீவன்சன் தொடக்கத்திலேயே கவலைப்பட்டார். தன் அனுபவங்களைச் சுவையாகச் சொல்வதை விடுத்து, கணவர் மக்களையும் மொழிகளையும் வழக்கங்களையும் ஆராயும் தன்மையற்ற நூலை எழுதப் பார்க்கிறார் என 1889இல் நண்பர் சிட்னி கொல்வினுக்கு மடல் எழுதினார். சந்தையின் கணக்கில் அவர் கவலை நியாயமானது. ஆனால் அன்று குறையாகத் தோன்றியதே இன்று இந்நூலை நிலைக்கச் செய்கிறது. ‘நான்’ பின்வாங்கிய இடங்களில்தான் தீவு மக்கள் முன்வருகின்றனர்.

ஸ்னார்க்: கலமே தலைவனாதல்

தனியொருவராக உலகைச் சுற்றிய ஜோஷ்வா ஸ்லோகமின் எடுத்துக்காட்டால் ஊக்கம் பெற்ற லண்டன், தமக்கென ‘ஸ்னார்க்’ என்னும் கலத்தைக் கட்டுவித்தார். 7,000 டாலர் என மதிப்பிட்ட செலவு 30,000 டாலர் அளவுக்கு உயர்ந்தது. 1906 சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கம் பணியைத் தாமதப்படுத்தியது. 1907 ஏப்ரலில் புறப்பட்ட கலம் ஹவாய், மார்கேசஸ், டஹிட்டி, சமோவா, ஃபிஜி, சாலமன் தீவுகள் எனச் சென்றது. இந்நூலில் தலைவன் கலமே. ஒழுகும் பலகைகள், பழுதான இயந்திரம், திசையறியாத தலைமை மாலுமி ஆகியவை நகைச்சுவையோடு விரிகின்றன. தன்னையே எள்ளும் நடையால் நூல் இன்றும் சுவையோடு படிக்கப்படுகிறது. ஆனால் கலம் தலைவனாகும்போது தீவு வெறும் நிலைக்களம் ஆகிவிடும். சாலமன் தீவுப் பகுதியில் இது கசப்பான அளவை எட்டுகிறது. தோட்டங்களுக்கு ஆள் பிடிக்கும் ‘மினோட்டா’ கலத்தில் விருந்தினராகச் சென்ற லண்டன், மலைட்டாக் கரையில் அக்கலம் பாறையில் சிக்கியபோது எழுந்த ஆபத்தை விறுவிறுப்பாக எழுதுகிறார். அக்கரையினர் ஏன் பகைமையோடு நின்றனர் என்பதற்கான விடை, ஆள் பிடிக்கும் அக்கலத்தின் தொழிலிலேயே இருக்கிறது. அவ்விடையை அவர் பின்தொடரவில்லை.

இதற்கு விதிவிலக்காக அமைவன டஹா, போரா போரா பற்றிய இயல்கள். பக்கமிதவை கட்டிய ஓடத்தில் வந்த தெஹெய் என்பவர், லண்டன் இணையரைத் தம் ஊருக்கு அழைத்துச் செல்கிறார். தெஹெயும் மனைவி பிஹௌராவும் அளித்த விருந்தும், புறப்படும்போது கலத்தில் குவிந்த காய்கனிகளும் கோழிகளும் லண்டனைத் திகைக்க வைக்கின்றன. ஈடு செய்ய இயலாத கொடையின் முன் விருந்தினர் சிறுமையுறும் உணர்வை அவர் நேர்மையாகப் பதிவு செய்கிறார். போரா போராவில் கல்லெறிந்து மீன் துரத்தும் பெருவேட்டை நடக்கிறது. ஓடங்கள் அணிவகுக்கின்றன, கயிற்றில் கட்டிய கற்கள் ஒரே தாளத்தில் நீரை அறைகின்றன, ஆழமற்ற இடத்தில் ஊரார் கால்களையே வேலியாக்கி நிற்கின்றனர். முடிவில் மீன் அகப்படவில்லை. விருந்தினருக்காக நடத்திய காட்சி தோல்வியில் முடிந்ததை லண்டன் மறைக்கவில்லை. கடல் தன் விருப்பப்படியே தரும் என்பதை ஊரார் அறிவர். காண வந்தவர் அன்று அறிகிறார். தெஹெய் பின்னர் ‘ஸ்னார்க்’ மாலுமியாகச் சேர்கிறார். தீவினரும் பயணம் செய்வோரே என்பதை நூல் தன்னை அறியாமல் ஒப்புக்கொள்ளும் இடம் அது.

பயணத்தின் முடிவும் குறிப்பிடத்தக்கது. தோல் புண்களும் பிற நோய்களும் வாட்ட, லண்டன் 1908 இறுதியில் சிட்னி மருத்துவமனையில் சேர்ந்தார், பயணம் கைவிடப்பட்டது. வெள்ளையர் நுண்ணுயிரை வென்றவர்களின் வழித்தோன்றல்கள் என்ற அவரது கோட்பாட்டுக்கு அவர் உடலே மறுமொழியாயிற்று.

நீரடிப் பார்வை: வண்ண மீனும் நஞ்சு மீனும்

இன்றைய தீவு உலாவில், முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் அணிந்து பவளப்பாரின் மீது மிதந்து பார்த்தல் தவறாத ஓர் உறுப்பு. இக்கருவிகள் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பரவலாயின. ஆனால் அக்கருவிகளுக்கு முன்பே அப்பார்வை எழுத்தில் உருவாகிவிட்டது. பவுமோட்டுத் தீவுக்கூட்டத்தின் ஃபகராவாவில், பவள வளையத்தின் உட்கழிக்குள் நுழையும் ‘காஸ்கோ’வின் விளிம்பில் சாய்ந்து, நீருக்கடியில் வரிகளும் வண்ணங்களும் கிளிமூக்கும் கொண்ட மீன்களைக் காணும் ஸ்டீவன்சனின் பகுதி அதற்குச் சான்று. பிற்காலத்தில் பல பவளத்தீவுகளைக் கண்டும் அந்த மகிழ்ச்சி தமக்குத் திரும்பவில்லை என்கிறார். முதற்காட்சியின் இன்பம் மீளாது என்னும் இக்கூற்று, இன்றைய உலாவினரின் தீராத தேடலுக்கும் பொருந்தும்.

ஆனால் ஸ்டீவன்சன் அங்கு நின்றுவிடவில்லை. அத்தீவுகளில் ஓரிடத்தில் உண்ணத்தக்க மீன் மற்றோரிடத்தில் நஞ்சாக இருப்பதையும், அதனை அறிந்தவர் அவ்வூராரே என்பதையும் எழுதுகிறார். இன்று சிகுவாட்டெரா எனப்படும் இந்நஞ்சு, பவளப்பாரில் வாழும் நுண்ணுயிர்ப்பாசியிலிருந்து மீன்களுக்குள் சேர்வது. மீனின் நிறமோ மணமோ சுவையோ அதனைக் காட்டிக்கொடுக்காது. சமைத்தாலும் அது நீங்காது. அதாவது, கண் எவ்வளவு தெளிவாகக் கண்டாலும் அறிய முடியாத ஒன்று அந்நீரில் இருக்கிறது. எந்தப் பாரில், எந்த மீன் என்பது தலைமுறைகளாக உண்டும் நோயுற்றும் சேர்த்த அறிவு. மேலிருந்து காண்பவருக்கு எல்லா மீனும் வண்ணமே. அங்கு வாழ்பவருக்கு ஒவ்வொரு மீனும் ஓர் இடத்தின் பெயர். பார்வைக்கும் அறிவுக்கும் உள்ள இவ்விடைவெளியை ஒரே தீவுக்கூட்டத்தைப் பற்றிய பக்கங்களில் காட்டியிருப்பது ஸ்டீவன்சனின் சிறப்பு.

ஃபிஜி: காணாமற்போன கரை

‘ஸ்னார்க்’ 1908இல் ஃபிஜியின் சுவா துறைமுகத்தை அடைந்தது. அப்பயணத்தை விவரிக்கும் இயலில், கலம் இருக்கும் இடத்தைக் கதிரவனைக் கொண்டு கணக்கிடும் போராட்டமே முதன்மை பெறுகிறது. நாள்கோட்டுக்கு அருகில் எந்த நாள் என்பதே குழப்பமாகும் நிலையை லண்டன் நகைச்சுவையோடு சொல்கிறார். ஃபிஜி அங்கு அடைய வேண்டிய ஒரு புள்ளி மட்டுமே.

அதே ஆண்டில் அதே தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்கள் உழைத்துக்கொண்டிருந்தனர். 1879 முதல் 1916 வரை ஏறத்தாழ 60,000 பேர் அங்குக் கொண்டுசெல்லப்பட்டனர். 1903 முதல் சென்னைத் துறைமுகம் வழியாகத் தமிழரும் தெலுங்கரும் பிறரும் சென்றனர். அவர்களுள் பெண்கள் பட்ட துன்பமே பாரதியின் ‘கரும்புத் தோட்டத்திலே’ பாடலின் பொருள். லண்டன் தம் கலத்தின் இருப்பிடத்தைக் கணக்கிட்ட அதே தென்கடலில், பாரதி அப்பெண்களின் இருப்பிடத்தைத் தேடினார். ஒருவர் அங்குச் சென்றும் அவர்களைப் பற்றி எழுதவில்லை. மற்றொருவர் செல்லாமலே எழுதினார். நேரிற் காண்பதே பயண இலக்கியத்தின் தகுதி என்னும் நம்பிக்கையை இந்த ஒப்பீடு அசைத்துவிடுகிறது. கடலில் செல்லும் கலங்கள் பலவகை. உல்லாசக் கலமும் கூலிக் கலமும் ஒரே நீரில் சென்றன. முன்னதன் நூல்களில் பின்னது பெரும்பாலும் தென்படாது.

ஃபிஜியின் தொல்குடியினரின் வழக்கமும் இங்குக் கருதத்தக்கது. ஊருக்கு வருபவர் யங்கோனா வேரைத் தலைவர் முன் வைத்துத் தம் வருகையை அறிவித்து இசைவு பெறும் ‘செவுசெவு’ முறை இன்றும் உயிரோடு உள்ளது. வெளித்தீவுகளுக்குச் செல்லும் உல்லாசக் கலங்களும் இதனைக் கடைப்பிடிக்கும்படி அறிவுறுத்தப்படுகின்றன. ஊர்முன் உள்ள கடற்பரப்பும் பவளப்பாரும் மரபுவழி மீன்பிடி உரிமை கொண்ட ‘கொலிகொலி’ ஆகும். அப்பரப்பின் உடைமையைத் தொல்குடியினருக்கு மாற்ற முற்பட்ட சட்டமுன்வரைவைச் சுற்றுலாத் துறையினர் எதிர்த்தனர்; 2006 டிசம்பரில் நிகழ்ந்த இராணுவ ஆட்சிக்கவிழ்ப்புக்குக் காட்டப்பட்ட காரணங்களுள் அதுவும் ஒன்றாயிற்று. மிதந்து காண்பவருக்கு எல்லையற்ற நீல வெளியாகத் தோன்றுவது, கரையில் இருப்பவருக்குப் பெயரும் உரிமையும் வழக்கும் கொண்ட இடம்.

டோங்கா நாட்டுப் பெற்றோருக்குப் பிறந்து ஃபிஜியில் பணியாற்றிய எபெலி ஹவுஓஃபா, 1993இல் வெளியான ‘நமது தீவுகளின் கடல்’ என்னும் கட்டுரையில், பசிபிக்கைத் தொலைகடலில் சிதறிய சிறுதீவுகளாகக் காண்பது அயலாரின் பார்வை என்றும், முன்னோருக்கு அது தீவுகளால் இணைந்த பெருங்கடல் என்றும் வாதிட்டார். கடலை வெறுமையாகக் கருதுவதால்தான் தீவு சிறிதாகிறது. தெஹெயின் ஓடத்தை நினைவுகூரும்போது இவ்வாதத்தின் வலிமை புரிகிறது. கடலோடும் கலையில் விருந்தினரைவிட ஊரார் மூத்தவர்கள்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

உல்லாசக் கலப் பயண நூலின் அடிப்படை விதி, உலா வருபவரே காண்பவர் என்பது. அவ்விதி முறியும் அனாஹோ, அபெமாமா, டஹா, போரா போரா ஆகிய இடங்களிலேயே இரு நூல்களும் இலக்கியத் தகுதியின் உச்சத்தைத் தொடுகின்றன.

ஸ்டீவன்சனின் நூல் லண்டனின் நூலைவிடச் சுவையில் குறைந்தும் மதிப்பில் உயர்ந்தும் நிற்கிறது. தீவினரின் எள்ளல், ஆய்வு, நிபந்தனை ஆகியவற்றுக்கு அது இடம் தருகிறது. தன் நோய்க்கும் தீவின் நோய்க்கும் உள்ள உறவை வெளிப்படையாகச் சொல்லாமை அதன் குறை.

நீரடிக் காட்சியின் அழகை எழுதுவது எளிது. அந்நீர் யாருடைய உணவு, யாருடைய உரிமை, யாருடைய அறிவு என்பதையும் சேர்த்து எழுதும்போதே அக்காட்சி முழுமை பெறும்.

எழுதியவரின் பார்வையைக் குற்றம் சாட்டுவதோடு திறனாய்வு நின்றுவிடின், தீவினர் இரண்டாம் முறையும் காட்சிப்பொருளாகவே நிற்பர். பனுவலின் இடுக்குகளில் அவர்கள் சிரித்ததும் மறுத்ததும் விலைபேசியதும் இசைவளித்ததும் பதிவாகியுள்ளன. அவற்றை எடுத்துரைப்பதே பயண இலக்கிய ஆய்வு மேற்கொள்ள வேண்டிய அடுத்த பணியாகும். தமிழில் எழுதப்பட்ட, இன்று பெருகிவரும் அயல்நாட்டுப் பயண நூல்களையும் இதே அளவுகோலால் அளந்து பார்க்கலாம். அங்கு உலா வருபவர் நாமாக இருப்போம். வினாக்களின் கூர்மை அதனால் குறைந்துவிடலாகாது.